பதினேழாவது வரிசை

நம்பினால் நம்புங்கள். பட்டப்பகலில் நடந்தது. தொடக்கத்தில் நடந்த தப்பு முழுக்க என்னுடையது. அதில் பேய்க்குப் பங்கில்லை.

ரத்த வங்கியில் நான் கம்ப்யூட்டர் ஆள். அன்று காலை, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கொடையாளர் பட்டியல் புரோகிராமைத் திருத்தி எழுதப் போனேன். பெயர், ஊர், போன் என்று பட்டியலின் எந்தப் பத்தி வேண்டும் என்பதற்கு இடம் விட்டு எழுதினால், பத்தியின் பெயரை ‘லைப்ரரி’ என்கிற ஆயத்த புரோகிராமே நிரப்பிக்கொள்ளும். நிரப்பியது. ஆனால் பத்தியின் பெயராக அல்ல, வெறும் சொல்லாக. சாவி கேட்டவனுக்கு ‘சாவி’ என்று எழுதிய சீட்டைக் கொடுத்த மாதிரி.

மதியம் 1.52. பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு அபூர்வ வகை ரத்தம் தேவைப்பட்டது. பட்டியலைத் திறந்தேன். இருபத்துமூன்று பேர். எண் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ‘போன்’, ‘போன்’, ‘போன்’...

“தம்பி, நம்பரு?” நர்ஸ் அக்கா.

“ரெண்டே நிமிஷம்க்கா.”

“பத்து நிமிஷமா இதையேதான் சொல்றே. அங்க ஒரு உசுரு ஊசலாடுது!”

பழைய நோட்டைப் பார்க்கலாம் என்றால், அதைத் தூக்கிப் போடச் சொன்ன மேதாவியும் நான்தான்.

2.04. மறுபடி ஓட்டினேன். ‘போன்’, ‘போன்’... பதினேழாவது வரிசையில் மட்டும் ஓர் எண்.

அப்படி வரவே வராது. ஒரே சொல்லைத் திணித்தால் எல்லா வரிசையிலும் அதுதான் வரும்.

அழைத்தேன். முதல் மணிக்கே எடுத்தார்கள்.

“ஏம்ப்பா இவ்ளோ நேரம்?” வயதான பெண் குரல். “என்னால வர முடியாது. வாசல்ல பச்சைச் சட்டையில ஒருத்தன் தயங்கிட்டு நிப்பான். என் மகன். அதே ரத்தம்தான். கூப்பிடு.”

டக்.

ஓடினேன்.

பச்சைச் சட்டை...

நின்றுகொண்டிருந்தார்.

மாலை 4.20க்குத் தாயும் பிள்ளையும் பிழைத்த செய்தி வந்தது. என் திரையில் பதினேழாவது வரிசையிலும் ‘போன்’.

அங்கே இருந்த பெயரை நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். முகம் மாறியது. “டீ குடிச்சியா தம்பி?” என்று நகர்ந்துவிட்டார்.

பச்சைச் சட்டைக்காரரிடமே கேட்டேன். “சார், உங்கம்மாவுக்கு நன்றி சொல்லணும். எங்க இருக்காங்க?”

அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“போன வாரம் தவறிட்டாங்க. அவங்க ரத்ததான கார்டைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன். உள்ள வர மனசு வரல.”

“அப்போ... அந்த போன்?”

பையைத் திறந்து அம்மாவின் போனை எடுத்துக் காட்டினார்.

“சார்ஜ் போய் ஆறு நாளாச்சு சார்.”