முன்னால் விரித்த பாய்

என் கணவர் இறந்த பதினாறாம் நாள் அண்ணன் எங்கள் பிறந்த ஊர் செலண்டாரிலிருந்து வேனை எடுத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சந்தன நிறத்தில் ஒரு சேலை. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பிறந்த பக்கத்தில், புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போடும் கோடி அது. அதைப் போர்த்தி, தாலியைக் கழற்றி, ஒரு சடங்காகச் செய்து முடிப்பார்கள்.

நான் இஸ்லாத்துக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தாலிக்குப் பதிலாகக் கழுத்தில் கட்டியிருந்த கருகமணியை, இத்தா தொடங்கிய அன்றே நானே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். இத்தா என்பது கணவர் இறந்தபின் நாங்கள் இருக்கும் நான்கு மாதம் பத்து நாள். நகை இல்லை, அலங்காரம் இல்லை, அவசியம் இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. அண்ணனுக்கு இதை யாரோ வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள்.

"ஒன்ன வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்காங்களாமே, பாப்பா?"

"யாரும் பூட்டலண்ணே. சாவி அதோ, பிரிட்ஜ் மேல இருக்கு."

"அப்பறம் ஏன் வெளிய வரமாட்ற?"

"வரக்கூடாதுன்னு இருக்கேன்."

அவர் உட்காரவில்லை. தங்கா பத்துவில் உள்ள எங்கள் சின்ன வீட்டின் கூடத்தில், வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். இறந்த அன்றே அடக்கம் முடிந்துவிட்டதால் மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. அந்த வருத்தத்தை நான் குறை சொல்லவில்லை. சுங்கை ரம்பாயில் சரக்கு இறக்கப் போனவர் லாரியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று காலையில் போன் வந்தது. சாயங்காலத்துக்குள் மண் மூடியாகிவிட்டது. எனக்கே இன்னும் அந்த நாள் முழுதாக விளங்கவில்லை. இப்போதும் தெருவில் லாரி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டால் கேட்டைத் திறக்க எழுந்துவிடுகிறேன்.

"மாப்பிள்ளைக்காக மாறின. சரி, அது ஒன் இஷ்டம்னு விட்டோம். இப்ப மாப்பிள்ளையே இல்ல. இனிமே யாருக்காக இதெல்லாம்? புள்ளையக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்துரு லா."

மாடிப்படியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"எனக்காகத்தான்" என்றேன். குரல் நடுங்கியது. அண்ணன் அந்த நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, சொல்லும்போதே ஒனக்கு நம்பிக்க இல்ல."

இதே கேள்வியை முந்தின வாரம் என் நாத்தனாரும் கேட்டிருந்தாள். கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "மைனி, நீங்க... அப்படியேதான் இருப்பீங்க, இல்ல?" என்றாள். அவளுக்குப் பயம், அண்ணனுக்கு ஆசை. கணக்கு மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்: என் ஈமான், என் நம்பிக்கை, என் கணவருடையது, அவர் போகும்போது எடுத்துக்கொண்டு போயிருப்பார். இருபது வருஷம் தொழுத ஒருத்தியைப் பற்றி இவர்களால் இப்படி நினைக்க முடிந்ததே என்று எனக்குக் கோபம் வந்தது. துக்கத்தில் சோர்ந்து கிடந்தவளை அந்தக் கோபம்தான் எழுந்து உட்கார வைத்தது.

கல்யாணத்துக்காகத்தான் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அங்கேயே நின்றுவிட்டேன் என்று யார் சொன்னது? மகள் பிறப்பதற்கு முன்பு ஒரு நோன்பு மாதத்தில் அவர் வேலையாக ஜொகூர் போயிருந்தார். நான் ஒரு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஏர்கோன் கெட்டுப்போய் சட்டை முதுகில் ஒட்டிய மத்தியானம். மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர் போத்தல், வெளியே நீர் பூத்து, என் முன்னால் இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். குடித்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் குடிக்கவில்லை. "தாகமா இருக்கு, நீதான் பாத்துக்கணும்" என்று வாய்விட்டுச் சொன்னேன், தமிழில். அது கணவரிடம் சொன்னது இல்லை. தொழுகையில் ஓதுவது அரபியில்தான். ஆனால் அதற்குப்பின் கையேந்திக் கேட்பதை அன்றிலிருந்து தமிழில்தான் கேட்கிறேன்.

இதையெல்லாம் நின்றுகொண்டிருப்பவரிடம் எப்படிச் சொல்வது? "சீலைய வச்சிட்டுப் போங்கண்ணே. அண்ணன் வாங்கிக் கொடுத்ததுன்னு கட்டிக்கிறேன். கோடின்னு கட்ட மாட்டேன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒங்களுக்கு."

அவர் பையை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும் மகள் படியிறங்கி வந்தாள். பிறகு, "மாமா கேட்டது சரிதானே மா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அவள் தந்தை இறந்ததிலிருந்து அவள் தொழவில்லை. கேட்டபோது, "அத்தா முன்னாடி நின்னு ஓதினாங்க, நான் பின்னாடி நின்னேன். அவங்க இல்லாம எனக்கு வரல" என்றாள். நான் திட்டவில்லை. திட்ட எனக்கும் தகுதி இல்லை. ஒவ்வொரு வேளையும் அவருடைய தொழுகைப் பாயை வழக்கம்போல முன்னால் விரித்துவிட்டு, என் பாயில் பின்னால் நின்று, வாய்க்குள் முணுமுணுத்துத் தொழுதுகொண்டிருந்தேன். ஆளில்லாத பாயின் பின்னால் நிற்பவளைப் பார்த்தால் மகளுக்கு என்ன தோன்றும்? அண்ணன் சொன்னதுதான் தோன்றும்.

அன்று அந்தி சாய்ந்ததும் மஃரிபு தொழுகைக்கு அவருடைய பாயை விரித்து, அதன்மேல் நான் ஏறி நின்றேன். என் பாயைப் பக்கத்திலேயே, ஒரே வரிசையில் விரித்துவைத்தேன். பெண்கள் சேர்ந்து தொழுதால் ஓதுகிறவளும் வரிசையில்தான் நிற்பாள். சத்தமாக ஓதினேன். வீட்டில் என் குரலில் குர்ஆனின் சூரா கேட்டது அதுதான் முதல் தடவை. பாதியில் தடுமாறினேன், மூச்சு வாங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் படியிலிருந்து குரல் வந்தது.

"நடுவுல ஒரு வரிய விட்டுட்டீங்க மா."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் விட்டீங்க?"

"விட்டப்பறம்தான் தெரிஞ்சிச்சு."

"ரெண்டாவது ரக்அத்துல இழுக்க வேண்டிய எடத்துல இழுக்கல. அத்தா இருந்தா சிரிச்சிருப்பாங்க."

"சிரிக்கட்டும். குறை சொல்றவ வந்து ஓது."

அவள் வரவில்லை. நான் பக்கத்துப் பாயைச் சுருட்டவும் இல்லை. அது அங்கேயே கிடந்தது. இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு விடிகாலை சுப்ஹு தொழுகைக்கு, கண்ணைத் திறக்க முடியாமல், தலைமுடி கலைந்தபடி வந்து நின்றாள். தொழுகை அங்கியை நான்தான் மாட்டிவிட்டேன். அடுத்த நாள் வரவில்லை. இப்போதும் சில வேளை வருகிறாள், சில வேளை வருவதில்லை. பயம் எனக்கு முழுதாகப் போகவில்லை. ஆனால் அவளுக்காக நான் தொழுவதுபோல நடிக்கவும் இல்லை, அவள் வராததால் குரலைக் குறைக்கவும் இல்லை.

இத்தா முடிந்த வாரம் அண்ணன் போன் செய்தார். "இப்பவாவது வீட்டுப் பக்கம் வர்றியா?"

"வர்றேன். ரெண்டு நாள் தங்குறேன். மேக்கப் பாத்துத் தொழுக எனக்குக் கொஞ்சம் எடம் வேணும்."

"மேக்கால டிவி இருக்கு" என்றார்.

"தொழுகுற நேரம் அத நிறுத்தி வைங்க."

"ஒங்கண்ணிக்குச் சீரியல் இருக்கே, பாப்பா" என்றார். ஆனால் மறுக்கவில்லை.

கிளம்பும் காலையில் அந்தச் சந்தன நிறச் சேலையைக் கட்டிக்கொண்டேன். பையில் நான் இப்போது நிற்கும் பாயை வைத்தேன். மகளுக்கென்று விரித்திருந்ததைத் தொடவில்லை, அதை எடுப்பதும் விடுவதும் அவள் பாடு. அவள் வந்து பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா வீட்டுல டிவிக்கு முன்னாடி ரெண்டு பேர் நிக்க எடம் பத்துமா?"

"பத்தலன்னா டிவிய நகத்தச் சொல்லுவேன்" என்றேன்.