பனியில் விழுந்த இட்லி அரிசி

மன்னார்குடியில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வாடகை கேமராவில் தொழில் கற்று, சொந்த ஸ்டுடியோ வைத்தேன். அதன்மேல் மாடி கட்டினேன். மகளை இன்ஜினியராக்கினேன். என் கேமரா முன்னால் நிற்காமல் சுற்றுவட்டாரத்தில் யாரும் தாலி கட்டிக்கொண்டதில்லை என்றே சொல்லலாம். அப்பேர்ப்பட்ட கை, மகள் வீட்டோடு எட்மன்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஷட்டரை அழுத்த மறுத்தது. விரல் இருக்கிறது, இருக்கிற சேதிதான் தெரியவில்லை.

ஊரில் எங்களுக்குத் தொல்லை வியர்வை. ஹோமப் புகையில் கண் எரிய, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் படமெடுப்போம். கனடாவில் கையுறை போட்டால் பட்டன் அகப்படாது, கழற்றினால் விரல் அகப்படாது.

மாப்பிள்ளை சேகர் ஐ.டி. வேலை போனபிறகு கல்யாணப் படம் எடுக்க இறங்கியிருந்தார். முதல் ஆர்டர்: மயிலாடுதுறைப் பெண், இந்த ஊர் வெள்ளைக்காரப் பையன். உறைந்த ஆற்றங்கரையில், பனி விழும்போது ஒரு படம் வேண்டுமாம். அது சொதப்பினால் அடுத்த ஆர்டர் வராது. பேட்டரியில் சூடாகும் கையுறை வாங்கினார். ஒத்திகையிலேயே குளிரில் பேட்டரி செத்து, அது காலை வாரிவிட்டது.

ஊரில் விளக்குக் கம்பம் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டால் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுப்போம். இங்கே தவிட்டுக்கு எங்கே போவது? ஊரிலிருந்து கட்டிவந்த இட்லி அரிசி இருந்தது. அதைச் சேகரின் கம்பளிக் காலுறைகளில் நிரப்பி, வாயை நூலால் கட்டி, மைக்ரோவேவில் சூடாக்கி, ஹாட்பாக்ஸில் அடுக்கினேன்.

"அப்பா, அது இட்லிக்கு வச்சிருக்கிற அரிசி!" என்று கத்தினாள் மகள்.

"இதுவும் இட்லிக்கு முந்தின அவதாரம்தானம்மா."

ஆற்றங்கரையில் படத்துக்குப் படம் சேகர் கோட்டுப் பைக்குள் கைவிட்டுக் காலுறையைப் பிடித்துக்கொண்டார். விரல் சொன்ன பேச்சுக் கேட்டது. பனி விழத் தொடங்கியதும் கடைசிப் படத்துக்கு ஜோடி நடுவில் நின்றது. ஒரு பக்கம் சேகர் மண்டியிட்டிருந்தார். எதிர்ப்பக்கம் மேட்டில், படத்தில் விழாத மூலையில், ஹாட்பாக்ஸோடு நான்.

"மாமா, இது ஆறிப்போச்சு. இன்னொண்ணு வீசுங்க!"

வீசினேன். ஜோடியின் தலைக்குமேல் போகும்போது கட்டு அவிழ்ந்து, அரிசி அத்தனையும் அவர்கள்மேல் பொழிந்தது. இருவரும் அண்ணாந்து சிரித்தார்கள். சேகர் விரலில் ஒரே ஒரு அழுத்துக்குச் சூடு மிச்சமிருந்தது.

பையனின் சித்தப்பா ஓடிவந்து, உங்கள் சம்பிரதாயமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நோ, இட்லி" என்றேன். "இட்லி" என்று பயபக்தியோடு சொல்லி, கீழே கிடந்ததை அள்ளித் தானும் தூவினார். பெண்ணின் அம்மாவுக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. அட்சதைக்குப் பச்சரிசி அல்லவா?

"என்னங்க இது, பொண்ணு தலையில புழுங்கலரிசிய கொட்டிட்டீங்க!"

"ஊறி, வெந்து, காய்ஞ்சு வந்த அரிசிம்மா. இனிமே எதுக்கும் அசராது. இந்தக் குளிர்ல குடித்தனம் பண்ணப்போற பொண்ணுக்குப் பச்சரிசி தாங்குமா, சொல்லுங்க?"

அந்த அம்மா சிரித்துவிட்டார்.

இன்று அந்தப் படம் இங்குள்ள கல்யாண மண்டபச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. சேகருக்கு மூச்சுவிட நேரமில்லை. விழுவதெல்லாம் பனி என்றே பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். பாதி இந்த ஊர்ப் பனி, பாதி எங்கள் ஊர் அரிசி. எது எது என்று எனக்கே இப்போது பிரித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் படத்தின் அடியில் சேகர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடமிருக்கிறது, விரல் வைத்து அளந்துவிட்டேன். 'சூடு, அரிசி, வீச்சு: மன்னார்குடி கோவிந்தராசு' என்று போடச்சொல்லி, இதைப் படிக்கிறவர்கள் யாராவது என் மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொல்லுங்கள்.