நல்ல தண்ணிக் குடம்

என் விளாங்குடி வீட்டின் மொட்டைமாடியில், வீடு முழுமைக்குமான வாட்டர் ஃபில்டரைப் பொருத்தி முடித்தவர் கையைத் துடைத்துக்கொண்டார். "இனி எல்லாக் குழாயிலயும் நல்ல தண்ணிதாண்ணே."

எல்லாவற்றிலுமா? சின்ன வயதில் எங்கள் வீட்டில் பித்தளைக் குடம் நல்ல தண்ணீருக்கு, பிளாஸ்டிக் குடம் உப்புத் தண்ணீருக்கு. ஒருநாள் தண்ணி லாரிக்குக் காத்திருக்கச் சோம்பி, பித்தளைக் குடத்தை அடிபம்பின் உப்புத் தண்ணீரால் நிரப்பி வைத்துவிட்டேன். அன்றைக்கென்று விருந்தாளிகள் வந்தார்கள். பருப்பு வேகவே இல்லை. உலை வைத்தது அக்கா என்பதால் அம்மா அவளை அடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று அக்காவுக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன்.

"நீயா? அவசரத்துல பிளாஸ்டிக் குடத்து உப்புத் தண்ணிய பருப்புல ஊத்துனது நான்டா. அதான் பேசாம அடி வாங்குனேன்."

அந்தக் குடத்தின் கனம் இன்னும் என் இடுப்பில் இருக்கிறது. புது ஃபில்டர் தண்ணீரைப் பார்க்கத் திறந்த குழாயை மூடத் தோன்றாமல் நின்றேன்.