நானே மாட்டிய பின்டயர்

காடு மேடு ஏறுகிற பைக் ஒன்றை நான் வாங்கியபோது, வீட்டில் யாரும் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றித்தான் பேசினார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. பெண்களை ஏற்றிப்போக கம்பெனி பஸ் வரும். அதில் போகிறவள் அடக்கமானவள், வண்டியில் போகிறவள் திமிர் பிடித்தவள் என்பது எங்கள் தெருக் கணக்கு. அப்படியானால் நான் திமிர் பிடித்தவள்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் ஏரி வற்றியதும் சுற்றுவட்டார வண்டிக்காரர்கள் கூடிப் பந்தய ஓட்டம் வைப்பார்கள். இரும்பாலைகள் கொட்டிய கசடுக்கல் இறுகிய பாதையில் தொடங்கி, அடிச்சேறு காயாத ஏரிக்குள் இறங்கி, ஓடை மணலில் ஏறி முடிய வேண்டும். பெண் ஓட்டக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கேட்பதற்கு ஒருத்தி வந்தால்தானே சொல்வதற்கு. இந்த வருடம் நான் பேர் கொடுத்தேன்.

அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறான். வீட்டில் அவன் சொல்தான் கடைசிச் சொல். ஓட்டத்தை முடிக்காமல் திரும்பினால் வண்டியை விற்றுவிட்டு பஸ்ஸில் போக வேண்டும் என்றான். அவன் வாய் மூடும் முன்பே சரி என்றேன்.

மூன்று மண்ணுக்கும் பொருந்துகிற டயர் என்று எதுவும் கிடையாது. டயரில் புடைத்திருக்கும் கட்டைகளை நாங்கள் பட்டன் என்போம். கெட்டித் தரைக்குப் பட்டன் குட்டையாக, நெருக்கமாக இருக்க வேண்டும். சேற்றுக்கு உயரமாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சுற்றும்போதே சேறு உதிரும். மணலுக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் பாதிக் கவலை தீரும். முன்னால் சேற்று டயர் போட்டேன், ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று. பாதையில் பெரும்பகுதி கசடுக்கல் என்பதால் பின்னால் குட்டைப் பட்டன்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் மழை கொட்டியது. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் என் வண்டியின் பின்டயர் மாறியிருந்தது. அண்ணன் உயரப் பட்டன் டயரை வாங்கி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டியிருந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“கேஜ் வீலு இல்லாம யாராச்சும் சேடை ஓட்டுவாங்களா?” என்றான். நெல் வயலைச் சேறாக உழுவது சேடை; அப்போது டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்தான் கேஜ் வீல். அவனுக்கு எந்தச் சேறும் நெல் வயல்தான். ஆனாலும் அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தெருவே பார்க்க, வாசலில் உட்கார்ந்து அந்த டயரைக் கழற்றினேன். அவன் உன் நல்லதுக்குத்தானே செய்தான் என்றாள் அம்மா. நல்லது செய்கிறவர்கள் கேட்டுவிட்டுச் செய்யக்கூடாதா? விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. பழைய டயரையே மாட்டினேன். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது எங்கள் இருவருக்குமே பொருந்தும்.

மறுநாள் கசடுக்கல் பாதையில் உயரப் பட்டன்காரர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் சறுக்கினார்கள். என் பின்சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு போனது. முன்னால் போன கும்பலோடு ஏரிக்குள் இறங்கினேன். ஆணவம் அதுவரைதான்.

களிமண் பட்டன்களின் இடுக்குகளையெல்லாம் அடைத்துவிட்டது. டயர் மொழுமொழுவென்று ஆகி, நின்ற இடத்திலேயே சுற்றியது. முறுக்க முறுக்க வண்டி இறங்கியது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். கரையில் அண்ணன் டிராக்டரோடு கயிறும் கையுமாக நின்றான். கயிற்றைக் கட்டினால் என் ஓட்டம் முடிந்தது, வண்டியும் போனது. கயிற்றைப் பிடி என்று கை காட்டினான். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

விரலை விட்டுப் பட்டன் பட்டனாகக் களிமண்ணைத் தோண்டினேன். வேலிக்காத்தான் கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் திணித்தேன். நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினேன். வெளியே வந்த வண்டி மறுபடி அடைத்துக்கொண்டது; மறுபடி தோண்டினேன். கரையில் சிரித்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. மணலை எட்டியதும் காற்றை இறக்கி, ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். எல்லோருக்கும் கடைசியாக முடித்தேன்.

அண்ணன் வந்தான். “தள்ளிகினு வர்றதெல்லாம் ஒரு ஓட்டமா? நான் போட்ட டயர உட்டிருந்தா இந்தப் பேஜாரு உண்டா?”

“இல்லதான். அந்த டயருதான் சரி. ஆனா அதுல வந்திருந்தா நீ வந்த மாதிரி. இதுல மாட்டிக்கினதும் நானு, வெளிய வந்ததும் நானு. வண்டிய விக்க மாட்டேன்.”

சேறு படிந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, “அந்த டயரு ஊட்லதான் கீது. மாத்தட்டுமா?” என்றான். நான் பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

“வாணாம்ணா,” என்றேன். “நானே மாத்திக்கிறேன்.”