பன்னிரண்டே கால் தூக்குப்போசி

சூலூரில் விசைத்தறிக்குக் கோனில் நூல் சுற்றுகிற பத்மாவதி, ஐந்து வருடமாகப் பள்ளி நாட்களில் மதியம் பன்னிரண்டே காலுக்கு மகள் பூஜிதாவின் பள்ளி கேட்டில் நிற்பாள். கட்டைப்பைக்குள் சோற்றுத் தூக்குப்போசி இருக்கும். அதன் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றிய மெல்லிய குழாய்.

பூஜிதா பிறக்கும்போதே முதுகுத்தண்டின் அடியில் ஒரு கட்டி இருந்தது. அறுத்தெடுத்தார்கள். நடை வந்துவிட்டது. சிறுநீர் மட்டும் தானாக இறங்காது. நிரம்பினாலும் அவளுக்குத் தெரியாது. கோவையில் குழந்தைகளின் சிறுநீர்ப் பாதைக்கென்றே இருக்கிற டாக்டர்தான் குழாய் போட்டு எடுக்கக் கற்றுக்கொடுத்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும், தேங்கினால் கிட்னி கெடும் என்றார். "வளந்தா பாப்பாவே செஞ்சுக்குவா" என்றும் சொல்லியிருந்தார். பத்து வயது முடிந்தும் பூஜிதா கண்ணை இறுக்கிக்கொண்டு, "நீயே போட்டுவுடும்மா" என்பாள்.

வகுப்பில் அவளுக்குச் 'சோத்துப் பாப்பா' என்று பெயர்.

"ஏனுங்க ஆன்ட்டி, இன்னைக்கு எத்தன உருண்டை ஊட்டறீங்க?"

பூஜிதாவும் சேர்ந்து சிரிப்பாள். ஊட்டிவிடத்தான் அம்மா வருகிறாள் என்று எல்லோரும் நம்பியது அவளுக்கு வசதியாக இருந்தது.

"நெசத்த யாருகிட்டயும் சொல்லமாட்டதானே?"

"சாமி சத்தியமாச் சொல்லமாட்டேன் கண்ணு."

பத்மாவதி ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தாழ்ப்பாள் போட ஓர் அறை வேண்டுமே. அடுத்த தெருவில் குடியிருந்த நவ்யா டீச்சர், பொருட்கள் வைக்கும் அறையின் சாவியைக் கொடுத்து, "எங்கூட்டுக்காரருகிட்டக்கூட மூச்சுவுடமாட்டேனுங்க்கா" என்றாள். ஐந்து வருடம் அப்படித்தான் இருந்தாள்.

இந்த ஆண்டுவிழாவில் 'சிறந்த தாய்' என்று பத்மாவதியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தது நவ்யா. குழாய், சிறுநீர், நான்கு மணி நேரம், எல்லாம் ஸ்பீக்கரில் போயிற்று. கூட்டம் எழுந்து கைதட்டியது. தோளில் சால்வை விழும்போது பத்மாவதி ஐந்தாம் வகுப்பு வரிசையைப் பார்த்தாள். நடனத்துக்குப் பூசிய ரோஸ் பவுடரோடு பூஜிதா உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பெண் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மேடைக்குப் பின்னால், "ஏனுங்க டீச்சர் இப்படிச் செஞ்சுபோட்டீங்க?" என்றாள் பத்மாவதி.

"நல்லதுக்குத்தானுங்க்கா. எத்தன பேரு அழுதாங்க, பாத்தீங்கள்ல?"

"எம்புள்ளையப் பாத்தீங்களா?"

வீட்டுக்கு நடக்கும்போது பூஜிதா ஒன்றுதான் கேட்டாள்.

"டீச்சருக்கு யாரு சொன்னது?"

பத்மாவதி தோளிலிருந்த சால்வையை உருவிச் சுருட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டே காலுக்கு அறைப் பக்கம் பூஜிதா வரவில்லை. பத்மாவதி வகுப்பு வாசலுக்கே போய்க் கூப்பிட்டாள். பூஜிதா தலை நிமிரவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பள்ளி விடும்போது மணி நாலாகிவிட்டது. கடைசியாகக் குழாய் போட்டு எடுத்தது காலை எட்டு மணிக்கு.

வீட்டுக்கு வந்ததும் பூஜிதா கட்டைப்பையிலிருந்து துணிச்சுருளை உருவிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"கண்ணு, கதவத் தெற. அம்மா போட்டுவுடறேன்."

"வேண்டாம். நானே போட்டுக்குவேன். நீ இனி ஸ்கூலுக்கு வராத."

"வலிக்கும் சாமி, மெதுவா..."

வெகுநேரம் கழித்து, மக்கில் நீர் விழும் சத்தம் கேட்டது. இந்தச் சத்தத்துக்காகத்தான் எத்தனையோ நாள் பத்மாவதி மகளிடம் கெஞ்சியிருந்தாள். இப்போது கதவில் வைத்த கையை எடுக்கத் தோன்றாமல் நின்றாள்.

பூஜிதா வெளியே வந்து, கழுவிய குழாயைத் துணியில் சுற்றித் தன் புத்தகப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். கட்டைப்பையில் தூக்குப்போசி மட்டும் இருந்தது, மதியச் சோறு தொடாமல்.