சுவரில் ஒட்டியிருந்த பச்சைக் கார்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. இது ஏற்காடு போய் வந்த கதைதான். பஸ், தூரம், செலவு எல்லாம் வரும். ஆனால் எதற்குப் போனேன் என்பதைச் சொல்லாமல் போன வழியை மட்டும் சொல்ல எனக்கு வராது.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருபது வருடத்துக்கு மேல் வரைந்தேன். கணினி வந்தது, கைக்கு வேலை குறைந்தது, ஒரு நாள் எனக்கே வேலை இல்லை என்றார்கள். அத்தனை வருடங்களில் எனக்கென்று நான் சேர்த்தது ஒன்றுதான்: பழைய அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த கார் விளம்பரப் பக்கங்கள். புகைப்படம் இல்லை, கையால் தீட்டியவை. அந்த ஓவியர்கள் ஒரு தந்திரம் செய்வார்கள். காரை ஒரு முழம் நீட்டி, அரை முழம் அகட்டி வரைவார்கள். உள்ளே உட்காரும் மனிதர்களைக் கொஞ்சம் சிறிதாக்கிவிடுவார்கள். பார்க்கிறவனுக்கு, இந்த வண்டியில் என் குடும்பம் மொத்தமும் காலை நீட்டிப் படுக்கலாம் என்று தோன்றும். பொய்தான். ஆனால் அவ்வளவு அன்பாகச் சொன்ன பொய்யை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் (நண்பர் என்று எழுதக் கை கூசுகிறது) பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று அதில் ஒரு கட்டு வாங்கிப் போனார். ஒன்றரை வருடத்துக்கு முன் அவற்றைச் சட்டமிட்டுக் கண்காட்சி வைத்தார். வாசலில் ‘ஒரு வாழ்நாள் சேகரிப்பு’ என்று பெரிய பலகை. யாருடைய வாழ்நாள் என்று எழுதவில்லை. பக்கத்தில் அவர் படம் இருந்தது. நானும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்த ஜனவரியில், ஒட்டிய காகிதத்தைக் கிழியாமல் பிரிப்பது எப்படி என்று நான் எப்போதோ எழுதிய ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, சேலத்திலிருந்து ஒரு பெண் செய்தி அனுப்பினார். செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அம்மா மேலே ஏற்காட்டில், எஸ்டேட் வீட்டில் இருக்கிறார். “சார், எங்க அப்பா படம் சுவத்துல ஒட்டியிருக்கு. திங்கக்கிழமை ஊட்டை இடிக்கறாங்க. கிழியாம எடுக்க முடியுமாங்க? படம் வராம அம்மா கீழ வர மாட்டேங்கறாங்க.” கூடவே ஒரு புகைப்படம். திறந்து பார்த்தேன். பச்சை நிற அமெரிக்கக் கார். ஓட்டுபவன் தொப்பி போட்ட வெள்ளைக்காரன், பக்கத்தில் மஞ்சள் கவுனும் வெள்ளைக் கையுறையுமாக ஒரு பெண். நான் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்த பக்கம்.

“இதில் அப்பா எங்கே?” என்று கேட்டேன்.

“ஓட்டறாருல்லங்க, அவருதான்” என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் சென்னையில் ஏறி, விடியும்போது சேலத்தில் இறங்கினேன். புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு பஸ். முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இருபது கொண்டை ஊசி வளைவுகள். வயிறு ஒத்துழைக்காதவர்கள் முன்பக்கம் உட்காருங்கள், வாழைப்பழம் தின்றுவிட்டு ஏறாதீர்கள். மேலே பனி இருந்தது. ஏரிக்கரையில் சனிக்கிழமைக் கூட்டம் அப்போதே படகுக்கு வரிசை கட்டிவிட்டது. செல்வி சொன்ன வீடு நாகலூரைத் தாண்டி. அங்கே பஸ் உண்டு, ஆனால் அடுத்தது எப்போது என்று நான் கேட்ட மூன்று பேரும் மூன்று நேரம் சொன்னார்கள். போக, காத்திருக்க, திரும்ப என்று ஆட்டோவை எழுநூறு ரூபாய்க்குப் பேசினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு அது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் போய்ப் பேசிப் பாருங்கள்.

“ஏனுங்க சார், ஏரி பாக்கலீங்களா? வியூ பாயிண்டு?” என்றார் ஆட்டோக்காரர்.

“ஒரு கார் படம் பார்க்கப் போகிறேன்.”

“படத்தப் பாக்கவா? மெட்ராசிலிருந்தா?” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அப்ப எறங்கறப்ப எங்க ஆட்டோவையும் ஒரு படம் புடிச்சுக்கோங்க. இதுவும் பழசுதானுங்க, பிரேக்கு ஒன்னுதான் புதுசு.”

காபித் தோட்டங்களுக்கு நடுவே சாலை போகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பழம் பறித்து முடிந்த சமயம். களங்களில் காபி காய்ந்துகொண்டிருந்தது. நாகலூர் தாண்டி, எஸ்டேட் ஒன்றின் தொழிலாளர் லைன் வீடுகள். எந்த எஸ்டேட் என்று சொல்லப்போவதில்லை. கை மாறிவிட்டது, தங்கும் விடுதி கட்டப் போகிறார்கள். ஏழு வீடுகளில் ஆறு காலி. ஏழாவது வீட்டு வாசலில் மூட்டைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன, அவற்றின் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

செல்வி முந்தின நாளே மேலே வந்திருந்தார். அவருடைய அம்மா மரகதம். எழுபதை நெருங்குகிறவர். அதே எஸ்டேட்டில் நாற்பது வருடம் காபி பறித்தவர். கணவர் எஸ்டேட் முதலாளியின் காரை ஓட்டியவர், எட்டு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார்.

“வாங்க, வாங்க. இந்தக் குளுருல இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க. மொதல்ல டீத்தண்ணி குடிங்க. அவரு எங்கியும் ஓடிப்போக மாட்டாரு.”

படம் உள்ளறைச் சுவரில் இருந்தது. அந்த லைன்களில் ஒரு வழக்கம் உண்டாம். பனிக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும் என்பதால், பங்களாவில் கழித்துப் போடும் பழைய பத்திரிகைகளை வாங்கி வந்து மைதாப் பசையால் சுவரெல்லாம் ஒட்டுவார்கள். செய்தித்தாளைப் பூச்சி அரித்துவிடும். வழவழப்பான தாள்தான் நிற்கும், அதில் பாதிக்கு மேல் கார் விளம்பரம். ஒரு காலத்தில் இந்த லைன் முழுக்க அமெரிக்கக் கார்கள் நின்றிருக்கின்றன! நான் நடைபாதைக் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியதை இவர்கள் அறை அறையாக ஒட்டிவிட்டுக் குளிருக்குப் போர்த்திப் படுத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது இது ஒன்று.

“மொதலாளி காரும் இதே பச்சைதானுங்க” என்றார் மரகதம். “கண்ணாலம் ஆன வாரமே இதக் கொண்டாந்து ஒட்டுனாரு. ‘ஏ மரகதம், இங்க பாரு, நாந்தான் ஓட்டறேன், பக்கத்துல நீ’ன்னாரு. நான், ‘எனக்கு இந்த ஒறை வேண்டாம், கை அரிக்கும்’னேன்.”

கல்யாணத்துக்குப் புகைப்படக்காரர் வந்தாராம். பிலிம் ஓடவில்லையாம். “பந்தியில மட்டும் ரெண்டு தடவை உக்காந்தாரு” என்றார். பிள்ளைகள் பிறந்தபோது, ஓட்டுகிறவரைக் காட்டி அப்பா, மஞ்சள் கவுனைக் காட்டி அம்மா என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அப்பா ஏன் வெள்ளையாக இருக்கிறார் என்று பள்ளிக்கூடம் போகும் வரை தனக்குத் தோன்றவே இல்லை என்றார் செல்வி. வாக்காளர் அட்டையில் கணவரின் படம் இருக்கிறதே என்று கேட்டேன்.

“அது போலீசு புடிச்சுட்டுப் போன மாதிரி இருக்குதுங்க. அவரு மூஞ்சியே அது இல்ல. வண்டியில உக்காந்தா இப்படித்தானுங்க சிரிப்பாரு” என்று தொப்பிக்காரனைக் காட்டினார்.

ஆயுதபூசைக்கு அவர் பங்களாவில் நிஜக் காருக்குப் பொட்டு வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து படத்துக் காரின் இரண்டு விளக்குகளுக்கும் எண்ணெயில் குழைத்த குங்குமம் வைப்பாராம். நிஜக் கார் எப்போதோ லாரியில் ஏறிப் போய்விட்டது. இதற்கு வைப்பது நிற்கவில்லை. அவர் போன பிறகு மரகதம் வைக்கிறார், ஒரு முழம் பூவும் சேர்த்து. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிக்கும்போது படத்தை மட்டும் சுற்றி விட்டுவிடுவார்கள். அதனால் படம் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது, ஓரங்களைச் சுண்ணாம்பு கவ்வியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். பையில் தாளைச் சுருட்டிப்போட நீளக் குழாய் ஒன்று கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டு, நல்ல விலை சொல்லிக் கேட்டுப் பார்ப்பது என்றுதான் எண்ணம். அந்தக் கண்காட்சிக்காரரிடம் இந்தப் பக்கம் கிடையாது. இது என் பெயரோடு வெளியே வந்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று ரயிலில் பாதித் தூரம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வேலை இதுதான். பிளேடால் சுண்ணாம்பு விளிம்பைக் கீறி விடுவித்தோம். இட்லிக் குண்டானில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதில் துண்டை வேகவைத்துப் பிழிந்து, படத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு, அதற்கு மேல் சூட்டோடு ஒத்தினோம். மைதாப் பசை ஆவிக்கு இளகும். செல்வி துண்டு மாற்றினார். நான் மெல்லிய தோசைத் திருப்பியை விரல் அளவு விரல் அளவாக உள்ளே செலுத்தினேன். மேல்பக்கம் அழகாக வந்தது. இலையுதிர்கால மரங்கள், மலை, காரின் கூரை. மதியத்துக்குள் பாதிப் படம் என் கையில் தொங்கியது.

காரின் முன்பக்கம் வந்தபோது தோசைத் திருப்பி நின்றுவிட்டது. இத்தனை வருடத்துக் குங்கும எண்ணெய் தாளுக்குள் இறங்கி, அதைச் சுவரோடு ஒன்றாக்கியிருந்தது. எண்ணெய்க்கு ஆவி ஏறாது. மறுபடி மறுபடி ஒத்தினேன். விளக்கு அசையவில்லை. ஆனால் பிரிந்து தொங்கிய பாகம் ஈரத்தில் கனத்து, முகத்துக்குக் கீழே ஒரு கீறல் விட ஆரம்பித்தது.

“ஏனுங்க, நின்னுட்டீங்க?” என்றார் மரகதம்.

சொன்னேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆவி காட்டினால் காரை எடுத்துவிடலாம். அதற்குள் முகம் ஊறிக் கூழாகிவிடும். இப்போதே வெட்டினால் முகம் தப்பும், காரின் முன்பாதி சுவரிலேயே போய்விடும். அந்த முன்பாதி எப்படிப்பட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். காரின் முகப்பில் பளபளக்கும் குரோமியப் பட்டைகளில் வானமும் சாலையும் பிரதிபலிப்பதை ஓவியர் வரைந்திருந்தார். நான் பார்த்த கார் ஓவியங்களில் அதற்கு மேல் ஒன்றில்லை. வாங்குகிறவன் அதற்குத்தான் விலை கொடுப்பான். நானும்தான்.

“இதுல ரோசன பண்ண என்னங்க இருக்குது? காரு போனாப் போகட்டும். அவர எடுங்க.”

“அம்மா, அப்பாவுக்குக் காருதான உசுரு” என்றார் செல்வி.

“அது அவருக்குக் கண்ணு. எனக்கு அவருதான். நீங்க வெட்டுங்க சார்.”

பிளேடு என் கையில்தான் இருந்தது. சரியாகக் கதவுக்கு முன்னால், மேலிருந்து கீழே, ஒரே கோடாக இழுத்தேன்.

ஈரத் தாளைப் பழைய வேட்டியில் கிடத்தி, கட்டிலில் போட்டு, அடுப்புச் சூடு படும் தூரத்தில் உலர்த்தினோம். சாயங்காலம் மரகதம் அதைக் கையில் எடுத்தார். தொப்பி போட்ட ஒருவன் சிரிக்கிறான். கையில் ஸ்டீயரிங் வளையம். பக்கத்தில் மஞ்சள் கவுன். முன்னால் கார் இல்லை.

வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எந்நேரமும் ஓட்டிக்கிட்டேதான் இருந்தாரு. இப்பத்தான் வண்டிய உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்குது.”

விலை கேட்க நினைத்ததை நான் கேட்கவில்லை. குழாயை மட்டும் கொடுத்தேன், சுருட்டிக் கொண்டுபோக. மரகதம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “மனுசன இதுக்குள்ள திணிக்கறதாங்க?” என்று திருப்பித் தந்தார். இரண்டு தலையணைகளுக்கு நடுவே வைத்து மடியில் ஏந்திக்கொண்டுதான் கீழே வந்தார். எனக்காகக் காத்திருந்த அதே ஆட்டோவில், அவர்கள் சொன்னபடி குப்பனூர் வழியாக இறங்கினோம். சுற்று வழி, ஆனால் வளைவுகள் குறைவு, ஆட்டம் இருக்காது. அதற்குத் தனியாக ஆயிரம் ரூபாய். கோழியும் கூட வந்தது. ஆட்டோக்காரர் வழி முழுக்க ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை.

போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறைத் தவிருங்கள். ஜனவரியில் கம்பளிச் சட்டை வேண்டும். தலை சுற்றுகிறவர்கள் ஏறவும் இறங்கவும் குப்பனூர் சாலையைப் பிடியுங்கள். நாகலூர்ப் பக்கம் சாப்பாட்டுக்கு நம்பிப் போகாதீர்கள், சின்னக் கடைகள்தான், டீயும் பன்னும் கிடைக்கும். பழைய வீடுகளில் சுவரில் தாள் தெரிந்தால், கீறிப் பார்க்கும் முன் அந்த வீட்டுக்காரரிடம் அது யார் என்று கேளுங்கள். புகைப்படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று நானும் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையில் படம் இல்லை. செல்வி அனுப்பிய புகைப்படத்தையும் அழித்துவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

இதை முதலில் என் வலைப்பூவுக்காக, என் முழுப்பெயரோடு, அந்தக் கண்காட்சிக்காரரின் பெயரும் சேர்த்துத்தான் எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். என் பெயர் மேலே நின்றால், கீழே உள்ள மொத்தமும் நான் கண்டெடுத்த பொருளாகிவிடுகிறது. பாதிப் படம் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால், என் பெயரைப் பிடித்துக்கொண்டு மரகதம் வீட்டு வாசல் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் கண்காட்சிக்காரரின் பெயரை எடுத்தேன். கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், அப்படியே இருக்கிறது. பிறகு என் பெயரையும் எடுத்துவிட்டு, இந்தப் பொதுத் தளத்தில் பெயரில்லாமல் பதிவிடுகிறேன்.