மாமாவைக் கொண்டுபோன கையெழுத்து

எங்கள் அப்பாவுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சண்டைக் காலத்தில் ராணுவ அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உத்தரவுகளைச் சேர்ப்பார். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் அவருக்கு வேலை. சண்டை முடிந்த பிறகு பழைய பயண அனுமதிப் பாஸ், வாகனத்தைப் பறித்தபோது எழுதிக் கொடுத்த துண்டு என்று எதையாவது கொப்பி எடுக்க வருகிறவர்களிடம், "வேலை முடிஞ்சதும் இத என்கிட்ட குடுத்துருங்க" என்று சொல்லி வைப்பார். சனங்களும் சனியன் தொலைந்தது என்று கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மஹய்யாவ வீட்டில் அந்தக் காகிதங்களைச் சேர்த்து வைத்த கோப்பை விரித்து வைத்துக்கொண்டு ஜோசியக்காரர் மாதிரி பேசுவார். "இந்தாளு மந்திரியாவான் பாரு. இவன் மாகாண சபைக்காவது வருவான்." இது எதற்கு என்று கேட்டால், "நாளைக்கு நமக்கு ஒரு காரியம்னா, சேர், இது உங்க கையெழுத்துதானேன்னு போய் நிக்கலாம்ல" என்பார். எங்களுக்கு வேறு யாரைத் தெரியும்? பெரிய மனிதர்கள் எங்களுக்கு எழுதியதெல்லாம் உத்தரவு மட்டும்தான்.

ஆனால் அவர் கைக்கு எட்டாத ஒரு காகிதம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, த்ரீவீல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை விசாரணைக்கு என்று கூட்டிப்போன அதிகாரி எழுதிக் கொடுத்த சீட்டு அது. மாமாவின் பெயர், திகதி, கீழே நீல மையில் கையெழுத்து. மாமா திரும்பி வரவே இல்லை. முகாமில் போய்க் கேட்டால், அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்றார்கள். பிடித்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்தச் சீட்டுதான்.

அம்மா அதை முருகன் படத்துச் சட்டத்தில் செருகி வைத்திருந்தாள். நல்ல காகிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அம்மா மூலையில் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து, ஈர விரலால் நேராகக் கையெழுத்தின் மேலேயே வைப்பாள். கொண்டுபோனவன் மனசு மாறட்டும் என்று வேண்டுதல். பாவி மனுஷி, வேறு என்னதான் செய்வாள்!

"அடியே, மை அழியுதுடி! ஒரு கொப்பி எடுக்கவாவது தா" என்று அப்பா கெஞ்சுவார். சாமி முன்னாலிருந்து எடுத்தால் வேண்டுதல் கெட்டுவிடும் என்று அம்மா தரவே மாட்டாள். ஊருக்கெல்லாம் கொப்பி எடுத்துக் கொடுத்தவர் வீட்டில் அதற்கு ஒரு கொப்பி இல்லை.

பிறகு ஒரு தேர்தல் வந்தது. எங்கள் சந்து மதிலில் அந்த அதிகாரியின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். சீருடை போய் வெள்ளை உடுப்பு, கும்பிட்ட கை, சிரிப்பு. சீட்டின் கையெழுத்தில் இருந்த அதே பெயரைப் படித்த அப்பா துள்ளாத குறை. "நான் சொன்னேன்ல! கிளம்பு, நேர்லயே போய்க் கேப்போம். இனி அந்தாளு இல்லன்னு சொல்ல ஏலாது." அம்மா முதல் தடவையாகச் சீட்டை முருகன் படத்திலிருந்து கையில் எடுத்தாள். அவளுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. 'என் தம்பி எங்கே' என்பதை மட்டும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு, ரொட்டி தட்டும்போதும் துணி துவைக்கும்போதும் "மகே மல்லி கொஹெத, மகே மல்லி கொஹெத" என்று பாடமாக்கினாள். நானும் கூடச் சொல்லிச் சிரித்தேன்.

டவுனில் ஒரு மண்டபத்தில் அவர் சனங்களைச் சந்தித்தார். எங்கள் முறை வந்ததும் அம்மா சீட்டை இரண்டு கையாலும் நீட்டி, ஒரு பிசகும் இல்லாமல் கேட்டாள். அவர் சீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். கையெழுத்து இருந்த இடத்தில் மஞ்சள் கறையும் ஒரு நீலக் கீறலும்தான் மிச்சம். அப்பாவுக்குப் பதற்றம். பெரிய மனிதர் கையில் கறை பிடித்த காகிதத்தைக் கொடுத்துவிட்டோமே என்று, "மன்னிச்சிக்கங்க சேர், உங்க கையெழுத்து கொஞ்சம் மங்கிப் போச்சு" என்று சிங்களத்தில் குழைந்தார்.

அதற்கென்ன என்பதுபோல் அவர் சிரித்தார். பையிலிருந்து பேனாவை எடுத்து, மஞ்சளின் மேலேயே பளிச்சென்று புதுக் கையெழுத்துப் போட்டார். கீழே அன்றைய திகதியையும் எழுதினார். என் கன்னத்தைத் தட்டினார். பின்னால் நின்றவர்கள் எங்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள்.

வெளியே வந்ததும் அம்மா படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா சீட்டை வாங்கி, அந்தப் புதுத் திகதியையே திரும்பத் திரும்பப் படித்தார். எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். அம்மாவும் சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் முன்னால் பிற்பாடு அம்மா அந்தச் சீட்டை வைத்தாள். "கையெழுத்துக்குக் கீழ இருக்கிறது தேர்தல் நேரத்துத் திகதியாச்சேம்மா, இத வச்சு நாங்க என்ன செய்ய" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட அந்த மனிதர் தெரிந்தே செய்தாரா, கையெழுத்து வாங்க வந்த கூட்டம் என்று நினைத்தாரா, அம்மா கேட்டது அவர் காதில் விழுந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா அந்தக் கோப்பைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

மண்டபத்துக்குப் போய்வந்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, அம்மா குளித்துவிட்டு வந்து மஞ்சள் கிண்ணத்தை எடுத்தாள். சட்டத்தில் செருகியிருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பாடா, இனிக் கையெழுத்து அழியாது என்று நான் சந்தோஷப்பட்டேன்.